கணக்கில் உப்பு கிடையாது

எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பாக் கல். வீட்டைப் புதுப்பித்தபோது மகன் வெள்ளை டைல்ஸ் ஒட்டலாம் என்றான். மஞ்சள் கறை பிடித்தால் நீ வந்து தேய்க்கிறாயா என்று கேட்டேன். டைல்ஸ் பேச்சையே விட்டுவிட்டான். அந்தக் கறுப்புக் கல்லின் மேல்தான் என் மருமகள் சாக்பீஸால் கணக்குப் போட்டுப் பழகினாள். ஒரு பக்கம் உலை கொதிக்கும். இன்னொரு பக்கம் எக்ஸ் என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு, கோட்டின் கீழே ஓர் எண். சோறு வடிக்க வேண்டிய பதம் வந்ததும் ஈரத் துணியால் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பானையைச் சாய்ப்பாள்.

எனக்கு எழுத்து கொஞ்சம்தான். பஸ்ஸின் நெற்றியில் இருப்பதைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், நிதானமாக எழுத்துக் கூட்டினால் பேப்பரும் படித்துவிடுவேன். ஆனால் கால், அரை, முக்கால், அரைக்கால் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பீர்க்கன்கரணை ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு நிலம் இருந்த காலத்தில் நெல்லை அளந்து போட்டவள் நான்தான். அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், இதிலென்ன வெட்கம். அப்படிப்பட்ட நானே வாயடைத்து உட்கார்ந்து பார்த்தது என் மருமகளின் கணக்கைத்தான்.

அவள் படப்பைக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஊர்க்காரி. ஏழாவதோடு படிப்பு நின்றுபோயிற்று. அவள் அம்மா படுக்கையில் விழ, வீட்டில் அடுப்பு பார்க்க ஆள் இல்லை. கல்யாணமாகி இங்கே வந்து, பிள்ளைகளை ஆளாக்கி, அவர்கள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையலுக்குப் போனாள். விடிவதற்கு முன் ஜிஎஸ்டி ரோட்டில் கம்பெனி பஸ் வரும். சாயங்காலம் அதே பஸ் கொண்டு வந்து விடும். ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு பேர் சாப்பிடுவார்கள் என்பதைக் காலையில் சொல்வார்கள். அவள் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். சோறு மிஞ்சாது, பற்றாமலும் போகாது.

அந்தக் கேன்டீனில் சமையலறைக்குப் பொறுப்பாக இருந்தவர் வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போவதாக இருந்தார். அவர் இடத்துக்கு இவள்தான் என்று சமையல் பெண்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மேனேஜரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் அவர் இவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எட்டாவது பாஸ் என்று ஒரு சர்டிபிகேட் இல்லாமல் இன்சார்ஜ் என்று பெயர் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். தனித்தேர்வு எழுதலாம், ரிசல்ட் வரும்வரை வேறு ஆள் போடாமல் பார்த்துக்கொள்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றாராம். பாஸ் ஆகவில்லை என்றால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவார்கள். அரிசி பழசா புதுசா என்று தொட்டுப் பார்க்கத் தெரியாத ஒருவருக்குக் கீழே இவள் கை கட்டி நிற்க வேண்டும். அதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்குச் செய்த ரசத்தில் புளி போட மறந்துவிட்டாள். அவள் அப்படி மறந்து நான் பார்த்ததே இல்லை.

தமிழ், சமூக அறிவியல் எல்லாம் அவளாகவே படித்துக்கொண்டாள். கணக்குத்தான் பயம். நல்ல வேளையாக எங்கள் மாடியில் குடியிருந்தது கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்துவப் பெண். என் மருமகளைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் அந்தப் புடவையோடேயே கீழே இறங்கி, எங்கள் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடும். வார நாளில் சாயங்காலமும் வரும். எங்களிடம் எதுவும் வாங்கிக்கொள்ளாது. ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொடுத்தால் மட்டும் மறுக்காது.

நான் கீரை ஆய்ந்துகொண்டோ, பூண்டு உரித்துக்கொண்டோ அங்கேயே இருப்பேன். அதனால் அங்கே நடந்த பாடத்தில் பாதி என் காதிலும் விழுந்தது.

முதலில் எனக்குப் புரியாதது எக்ஸ். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர் என்றது டீச்சர்.

"தெரியாததுக்கு இன்னாத்துக்கும்மா பேரு?" என்று கேட்டேன்.

"பேர் வச்சாதானம்மா கூப்பிட முடியும். கூப்பிட்டாதானே வரும்" என்றது.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு பின்னம் வந்தது. ஓர் எண் இருக்கிறது. அதில் பாதியும், அதே எண்ணில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் பத்து. அந்த எண் என்ன? இதை எக்ஸ் எழுதி, கீழே இரண்டு, கூட்டல், மறுபடி எக்ஸ், கீழே மூன்று, சமம் பத்து என்று கல்லில் எழுதினார்கள். கோட்டுக்குக் கீழே இருக்கிற இரண்டும் மூன்றும்தான் தொந்தரவு. அவற்றை வைத்துக்கொண்டு கூட்டவும் முடியாது, கழிக்கவும் முடியாது. அதனால் இரண்டும் சரியாகப் போகிற, மூன்றும் சரியாகப் போகிற ஓர் எண்ணைப் பிடிக்க வேண்டும். ஆறு. அந்த ஆறால் பெருக்கினால் பாதி எக்ஸ் மூன்று எக்ஸாகிறது. மூன்றில் ஒரு பங்கு எக்ஸ் இரண்டு எக்ஸாகிறது. கோடும் இல்லை, கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நொய்யை எல்லாம் திரும்ப முழு அரிசியாக ஆக்கிய மாதிரி இருந்தது எனக்கு. இதை எவர் முதலில் கண்டுபிடித்தாரோ, கெட்டிக்காரர்.

என் மருமகளுக்கு அந்த ஆறைப் பிடிப்பது உடனே வந்துவிட்டது. நான்கும் ஆறும் என்றால் பன்னிரண்டு, மூன்றும் ஐந்தும் என்றால் பதினைந்து என்று கரண்டியை வைப்பதற்குள் சொல்லிவிடுவாள். டீச்சரே அசந்துபோயிற்று. ஆனால் விடை மட்டும் தப்பாகவே வந்தது. பாதியும் மூன்றில் ஒரு பங்கும் பத்து என்கிற கணக்குக்கு அவள் கண்டுபிடித்த விடை இரண்டு.

காரணத்தை டீச்சர் அப்போதே காட்டிவிட்டது. இந்தப் பக்கம் இருந்த பின்னங்களை ஆறால் பெருக்கியவள், அந்தப் பக்கம் இருந்த பத்தை அப்படியே விட்டுவிட்டாள். அதையும் பெருக்கி அறுபது ஆக்கியிருக்க வேண்டும்.

"சமத்துக்கு ரெண்டு பக்கமும் பெருக்கணும் அக்கா. எதையும் விடக் கூடாது."

"சரி டீச்சர்."

அடுத்த கணக்கிலும் அதே தப்பு. மறுநாளும் அதே தப்பு. பின்னத்தைப் பெருக்குவாள், தனியாக நிற்கிற எண்ணின் மேல் கையே வைக்க மாட்டாள். டீச்சர் திருப்பித் திருப்பிச் சொல்லும். இவளும் தலையை ஆட்டுவாள். ஆட்டிவிட்டு அப்படியே செய்வாள். ஒரு சாயங்காலம் டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டது. கோபம் இல்லை, அது அப்படிப்பட்ட பெண் இல்லை. ஆனால் மருமகளுக்குச் சுருக்கென்று இருந்தது.

"எனக்கு மண்டையில ஏறாது போலக்கீது அத்தை" என்றாள். "பத்து முழுசா நிக்குது. அத எதுக்குத் தொடணும்னு தோணுது. கை போவ மாட்டேங்குது."

இரண்டில் பாதி ஒன்று, அதற்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் பத்து எங்கேயிருந்து வரும் என்று எனக்கே தோன்றியது. ஆனால் எக்ஸ் வந்துவிட்ட கணக்கில் வழக்கம் வேறாக இருக்குமோ என்று வாயைத் திறக்கவில்லை.

அதற்குள் ஆடி மாதம் வந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, கூழோடு சாம்பார் சாதமும் உண்டு. சாதத்துக்கு என் மருமகள்தான். கேன்டீனில் வேலை செய்கிறவள் என்று தெருவே அவள் கையில் அண்டாவைக் கொடுத்துவிடும். அந்த வருடம் டீச்சரும் தெருவில் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. கோயிலுக்குள் வராது, ஆனால் அடுப்படியில் நிற்பதற்கு என்ன. காய் நறுக்கவும் உட்கார்ந்தது.

வழக்கமாக ஒரு படி அரிசிக்குச் செய்வதை அன்றைக்கு ஆறு படிக்குச் செய்ய வேண்டும். அரிசி ஆறு படி அளந்து கொட்டினாள். பருப்பும் அப்படியே ஆறு மடங்கு. காயும் அப்படியே. டீச்சர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் உப்பு. ஒரு படிக்கு ஒரு பிடி என்பது எங்கள் வீட்டு அளவு. இவள் நான்கு பிடி போட்டாள். கொதி வந்ததும் குனிந்து ஆவியை மோந்து பார்த்தாள், விரலால் இன்னும் கொஞ்சம் கிள்ளிப் போட்டாள், நிறுத்திக்கொண்டாள். அம்மனுக்குப் படைக்கிறதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதனால் மோந்து பார்ப்பதோடு சரி.

"அக்கா, ஆறு படின்னா ஆறு பிடி உப்பு வேண்டாமா?" என்று டீச்சர் கேட்டது.

அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த எதிர் வீட்டுக்காரி வெட்டுவதை நிறுத்திவிட்டு, "இன்னா டீச்சர், ஊரையே ஏரித் தண்ணிய குடிக்க வெக்கலாம்னு பாக்கறியா?" என்றாள்.

என் மருமகள் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னாள். அரிசி, பருப்பு எல்லாம் மடங்குக்கு மடங்கு போட வேண்டும். உப்பு, புளி, பெருங்காயம் மூன்றையும் அப்படிப் போடக் கூடாது. சாமான் பெருகப் பெருக அவை தானாகவே ருசியைத் தூக்கிக் கொடுக்கும். கேன்டீனில் புதிதாக வருகிற பெண்கள் முதல் நாள் செய்கிற தப்பே அதுதான், எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பெருக்கிவிடுவார்கள், சோறு முழுவதும் குப்பைக்குப் போகும் என்றாள்.

டீச்சர் கையில் பாதி நறுக்கிய கத்திரிக்காய். அதை அப்படியே பிடித்துக்கொண்டு அண்டாவையே பார்த்தது. பிறகு எழுந்து வந்து இவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தது.

"அக்கா, அந்தப் பத்தை நீங்க உப்புன்னு நினைச்சிருக்கீங்க."

இவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தனியா நிக்குது, கொஞ்சமா நிக்குது, அதை மடங்கு போட்டா கெட்டுடும்னு உங்க கை சொல்லுது. இத்தனை வருஷம் சமைச்ச கை, அது சொல்றதை நீங்க கேக்கறீங்க. நான்தான் புரிஞ்சிக்கலை. ஆனா கணக்குல உப்பு கிடையாது அக்கா. எல்லாமே அரிசிதான். ஆறு மடங்குன்னா எல்லாம் ஆறு மடங்கு."

அண்டாவில் சாதம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என் மருமகள் கிண்டாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடி பிடிக்கப் போகிறது என்று நான்தான் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

"எல்லாம் அரிசி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றாமல் கல்லின் மேல் அந்தப் பழைய கணக்கை எழுதினாள். பாதி எக்ஸ், மூன்றில் ஒரு பங்கு எக்ஸ், பத்து. அந்த மூன்றின் மேலும் ஒவ்வொன்றாக விரலை வைத்து, அரிசி, அரிசி, அரிசி என்று சொல்லி ஆறால் பெருக்கினாள். மூன்று எக்ஸும் இரண்டு எக்ஸும் ஐந்து எக்ஸ். ஐந்து எக்ஸ் அறுபது. ஒரு எக்ஸ் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்வியைத்தான் நான் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விடை வந்துவிட்டது, டீச்சர் சந்தோஷமாகச் சிரிக்கிறது, இவள் மட்டும் கல்லை விட்டு நகரவில்லை.

"இது சரின்னு உங்களுக்குத் தெரியும் டீச்சர். பரீட்சையில நீங்க இருக்க மாட்டீங்க. ருசி பாக்கறது எப்படி?"

டீச்சர் சொல்லிக்கொடுத்தது. வந்த விடையை எடுத்துக்கொண்டு போய்க் கேள்வியில் எக்ஸ் இருந்த இடத்தில் வைக்க வேண்டும். பன்னிரண்டில் பாதி ஆறு. பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு நான்கு. ஆறும் நான்கும் பத்து. கேள்வியிலும் பத்து. அவ்வளவுதான், பதம் சரி. பிறகு மருமகள் தன் பழைய விடையான இரண்டையும் வைத்துப் பார்த்தாள். இரண்டில் பாதி ஒன்று, மூன்றில் ஒரு பங்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

"இத்தினி நாளும் கோயில் சோறு மாதிரி ருசி பாக்காமயே எறக்கிக்கினு இருந்துக்கீறேன்" என்றாள்.

அந்த டீச்சர் பெண்ணையும் நான் பாராட்டத்தான் வேண்டும். எத்தனையோ வாத்தியார்கள் பிள்ளைக்கு மண்டையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இது உப்பைப் பார்த்துத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் மருமகளின் கையை மட்டம் தட்டிப் பேசவில்லை. கை சரி, இடம்தான் வேறு என்றது. மதம் வேறு, ஊர் வேறு, வயது குறைவு. இருந்தாலும் அன்றையிலிருந்து அது வந்தால் நான் எழுந்து ஸ்டூல் போடுவேன்.

பரீட்சை மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். கணக்குப் பரீட்சை அன்றைக்கு நானும் கூடப் போனேன். அவள் வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், பையன் எழுதுகிறானாம், பிளாஸ்கில் காபியோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பேத்தி எழுதுதா?" என்று கேட்டாள்.

"மருமவ" என்றேன்.

அவள் திரும்பி என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. பிறகு எனக்கும் மூடியில் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

மணி அடித்து வெளியே வந்த மருமகள் நேராக டீக்கடைக்குத்தான் போனாள். இரண்டு வாய் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. ஒரு கணக்கில் விடை வந்தது, எடுத்துப் போய் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை, எங்கே என்று தேடினால் ஓர் எண்ணைப் பெருக்காமல் விட்டிருந்தேன், அடித்துவிட்டுத் திரும்பப் போட்டேன், பொருந்தியது என்றாள்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு அவள் வேலையில் இருந்தாள். சமையலறைக்குள் போன் எடுத்துப்போகக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்த டீச்சர் தன் போனில் பார்த்துவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கி வந்து என் கையில் போனைக் கொடுத்தது. வாயால் சொல்லவில்லை. நீங்களே படியுங்கள் அம்மா என்று நின்றது. எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. கூட்டிப் படித்தேன். தேர்ச்சி. எல்லாப் பாடத்துக்கும் நேராக அதே வார்த்தைதான், கணக்குக்கும்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போனேன். பஸ் வர நேரம் இருந்தது. லாரிகளும் கார்களும் போகிற இரைச்சலில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்து நின்று அவள் இறங்கினாள். என்னை அங்கே பார்த்ததும் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து முகம் வெளுத்துவிட்டது.

"பாஸ்மா" என்றேன். "கணக்கும் பாஸ்."

பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி, "யக்கா, நாளையிலர்ந்து உன்னப் பாத்தா எய்ந்து நிக்கணுமா?" என்றாள். இன்னொருத்தி, "நீ லேட்டா வந்தாத்தான்டி நிக்கணும்" என்றாள். டிரைவரும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். என் மருமகள் அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை. அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் நின்று டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சர் கையில் சாக்லேட்டோடு வந்தது. இவள் அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, பரீட்சையில் ஒரு கணக்கை விட்டுவிட்டு வந்தேன் டீச்சர், எழுதத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது, கேள்வி மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றாள். சொல்லிக்கொண்டே கல்லின் மேல் எழுதினாள். எக்ஸ் கழித்தல் மூன்று, கீழே நான்கு. கூட்டல். எக்ஸ், கீழே ஐந்து. சமம் ஆறு.

மகன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டு முகமெல்லாம் பல்லாக நின்றவன் இதைப் பார்த்துவிட்டு, "அதான் பாஸாயிட்ட இல்ல, இப்ப இன்னாத்துக்கு இது?" என்றான்.

"பாஸானா திங்கக்கெழமையே ஸ்டோர் சாவி எங்கிட்டன்னு மேனேஜர் சொல்லிக்கீறாரு" என்றாள் அவள், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "அத வாங்கறப்போ, போடாம விட்டுட்டு வந்தது ஒண்ணும் இருக்கக் கூடாது."

அவன் ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். டீச்சரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டது. நான்கும் ஐந்தும் என்றால் இருபது என்று எழுதினாள். இருபதால் எல்லாவற்றையும் பெருக்கினாள். எக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்த மூன்றை விடவில்லை, தனியாக நின்ற ஆறையும் விடவில்லை. ஐந்து எக்ஸ் கழித்தல் பதினைந்து, கூட்டல் நான்கு எக்ஸ், சமம் நூற்றிருபது. ஒன்பது எக்ஸ், நூற்று முப்பத்தைந்து. எக்ஸ் பதினைந்து. பிறகு பதினைந்தை எடுத்துக்கொண்டு போய்க் கேள்வியில் வைத்தாள். பதினைந்தில் மூன்று போனால் பன்னிரண்டு, அதில் நான்கில் ஒரு பங்கு மூன்று. பதினைந்தில் ஐந்தில் ஒரு பங்கு மூன்று. மூன்றும் மூன்றும் ஆறு.

டீச்சரைப் பார்த்துச் சரிதானா என்று அவள் கேட்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அரிசி கழுவப் போனாள்.